இரண்டாம் நிலவு ரத்தான வாரம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்:
டிராகன்கள் போதும்.
ஒன்று என்றால் பயம். மூன்று என்றால் படை.
பதினேழு என்றால் கோழிப்பண்ணை.
'சாம்பல் கோட்டை' நாலாவது சீசனில்
அவை பறக்கத் தொடங்கியதும் தேநீருக்குத் தண்ணீர் வைக்கப் போனேன்.
கொதித்து, ஊற்றி, பிஸ்கட்டும் தேடி எடுத்துத் திரும்பினால்
இன்னும் பறந்துகொண்டிருந்தன.

போர் என்றார்கள். ஒரே இருட்டு.
திரையில் தெரிந்தது என் முகமும்
சோபாக் கையில் தொங்கிய டெகிட்டின் ஓட்டைக் காலுறையும்.
யார் செத்தார்கள் என்பதே
மறுநாள் ரொட்டிக்கடை நெஸ்டா சொல்லித்தான் தெரியும்.
மெழுகுவத்தி இருக்கிற உலகம்தானே அது?
ஏற்றுங்களேன், நாலைந்து.

இருட்டு என்றால் ஆழம், ஐர்வென், என்பான் டெகிட்.
நானூறு அடிக்குக் கீழே
குவாரித் தண்ணீரை இறைக்கிறவள் நான்.
ஆழத்தில் முதலில் விளக்கைத்தான் கேட்போம் என்றேன்.

எனக்கு 'ஏழாம் துறை'.
குழாய்கள் ஒழுகும் விண்கலம்.
அதில் ஒருத்தி வால்வு மாற்றுவாள்,
முழங்கை வரை எண்ணெய்.
அண்டத்தைக் காப்பாற்றும் அவசரமெல்லாம் அவளுக்கு இல்லை;
வெள்ளிக்கிழமைக்குள் கழிப்பறை ஓடவேண்டும், அவ்வளவுதான்.
எழுதியவர் யாரோ,
ஒருநாளாவது ஸ்பானர் பிடித்த கை.

குறை இல்லையா? கேளுங்கள்.
எட்டே எபிசோடு, பிறகு மூன்று வருடம் பட்டினி.
கதையில் ஒரே இரவுதான் கழிந்திருக்கும்,
ஒற்றன் பையனோ தாடியோடு வந்து நிற்பான்.
பால்வெளியின் அந்தக் கோடி வரை எல்லாரும்
லண்டன் மாதிரிப் பேசுவார்கள்;
எலும்பு தின்னும் பூதத்துக்கு மட்டும்
எங்கள் வடக்கு வேல்ஸ் உச்சரிப்பு.

அதையும் மன்னித்தேன்,
மூன்றாவது சீசனுக்கு எங்கள் குவாரிக்கே வந்தபோது.
நாற்பது லாரி. கற்பலகைச் சரிவெங்கும் ஊதாப் பொடி.
தண்ணீரே இல்லாத கிரகம் வேண்டுமாம்.
மூன்று நாள் மழை அவர்களைக் கூடாரத்தில் உட்கார்த்தி வைத்தது.
இரவும் பகலும் இறைத்து
அந்தக் கிரகத்தைக் காயவைத்தது நான்தான்.
ஹெட்வினின் ஆடுகளில் ஆறு
இப்போதும் ஊதா வயிற்றோடு மேய்கின்றன.

பம்பின் சத்தத்தைப் பிற்பாடு அழித்துவிட்டார்கள்.
ஓரிடத்தில் தப்பியிருக்கிறது:
ஆறாவது எபிசோடு, முப்பத்தோராம் நிமிடம்,
அவள் தலைக்கவசத்தைக் கழற்றும்போது
தூரத்தில் துக், துக், துக்.
இசையமைப்பாளர் மேதை என்கிறார்கள்.
மேதை இல்லை. ஆறு அங்குல டீசல் பம்பு.

செவ்வாய்க்கிழமை ரத்து செய்துவிட்டார்கள்.
கயிறு அறுந்து, கலத்துக்கு வெளியே,
கையில் ஸ்பானரோடு அவள் மிதக்கிறாள்;
இரண்டாம் நிலவு எழுகிற நேரம்.
இனி எழாது.
பார்த்தவர்கள் போதவில்லையாம்.
நான் ஏழு தடவை பார்த்தேன்,
அதை என்னவென்று எண்ணினார்கள்?

டெகிட் கேலி செய்வான் என்றுதான் நினைத்தேன்.
சிப்ஸ் பொட்டலத்தைப் பிரித்தான்,
பெரிய பாதியை என் பக்கம் தள்ளினான்.
வினிகர் வாடைக்குள்ளிருந்து கொஞ்ச நேரம் கழித்து:
"அவளைப் பிடித்துவர ஒரு டிராகனை அனுப்பலாமா?"
யோசித்துப் பார்த்தேன்.
ஒன்று என்றால் சரி.
விளக்குப் போட்டுக்கொண்டு வரட்டும்.

நேற்று இரவு ஷிஃப்டில் மூன்றாம் வால்வு ஒழுகியது.
கழற்றி மாற்றினேன்.
ஸ்பானரை வைக்க இடம் தேடி
அவர்கள் விட்டுப்போன பெரிய பாறைமேல் வைத்தேன்.
தெர்மகோல். மெல்ல உள்ளே அமிழ்ந்தது.