வாஷருக்கு லீவு

மீன் கூடை வேண்டாம், நாற்றத்தில் கிறங்கிவிடும்.
பழைய பிரெட் கிரேட்டைக் கேரியரில் வைத்து
டியூப் ரப்பரால் கட்டியாயிற்று.
காசிமேட்டில் இறால் நிறுக்கும் தராசில்
ஏற்றிப் பார்த்தேன்:
பதினாலே முக்கால் கிலோ, வால் வெளியே தொங்க.

திருவொற்றியூரிலிருந்து பழவேற்காடு.
எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர்கள் தூங்குவதே இல்லை,
மூணரைக்குக் கொஞ்சம் கண்ணசரும். அப்போது கிளம்பணும்.
பொன்னேரியில் இட்லி. எனக்கு நாலு, அதற்கு ஆறு.
படகில் நாயை ஏற்றுவார்களா,
தெரியவில்லை.

இதெல்லாம் சரி.
வாஷர் எங்கள் லேத்துப் பட்டறையின் ராக்காவல்.
அதற்கும் சேர்த்து லீவு கேட்டேன்.
ஹபீப் பாய் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"ரெண்டு பேருமே போய்ட்டா எப்புட்றா?"
அப்புறம் காலண்டரில், பொங்கல் தாண்டி,
ஒரு சனிக்கிழமையை
கிரீஸ் விரலால் அழுத்தினார்.

நேற்று ஒத்திகை.
தேரடி வரை கலெக்டர் மாதிரி உட்கார்ந்து வந்தது.
மணி ஆறானதும் குதித்து
பட்டறைப் பக்கம் நடையைக் கட்டியது,
ஷிஃப்டுக்கு நேரமாச்சாம்.
பின்னால் நான்,
சைக்கிளைத் தள்ளிக்கொண்டு,
காலி கிரேட்டு
லொடலொடக்க.