439-இல் ஒரு சுழி

முப்பத்தேழு கட்டங்கள்.
முப்பத்தாறில் எண் இருக்கிறது.
439 என்ற கட்டத்தில் மட்டும்
சுழி.
கடலோரத்தில் பிறந்தவர்களுக்கு
அந்தச் சொல் ஆளை உள்ளே இழுப்பது.

பியூரின் துறையில் பிப்ரவரி.
கரையோரம் உறைந்து வெள்ளைத் தகரமாய்க் கிடக்கிறது.
அடுக்களை மேசையில் இரண்டு தாள்கள்:
பெரியண்ணன் கார்லண்ட், கன்னத்தின் உட்புறத்தைப்
பஞ்சுக்குச்சியால் வழித்துக் கொடுத்துவிட்டு
அந்த வருஷமே போய்ச் சேர்ந்தவன்;
சின்னண்ணன் எல்ட்ரெட், இருக்கிறவன்,
இப்போது தொலைபேசியில் மூச்சு மட்டும் விடுகிறவன்.

கார்லண்டுக்கு அந்தக் கட்டத்தில் பன்னிரண்டு.
கணினி கழித்துப் பார்த்திருக்கிறது:
பன்னிரண்டில் சுழி போக, பன்னிரண்டு.
பன்னிரண்டு படி தள்ளி நிற்கிறார்கள்,
உறவென்று சொல்ல முடியாது என்கிறது.
ஒரே கட்டிலில், ஒரே கம்பளிக்குள்
ஒன்பது வருஷம் உதைத்துக்கொண்டு தூங்கியவர்களை.

“அப்ப அவங்க சொன்னது சரிதானோ, வெர்னா?”

அவங்க சொன்னது எனக்குத் தெரியும்.
அம்மா ஒரு குளிர்காலம் செயின்ட் பியேர் தீவுக்குச்
சலவை வேலைக்குப் போயிருந்தாள்.
மறுவருஷம் இவன், செம்பட்டை முடியோடு.
பள்ளிக்கூடத்தில் இவன் பெயர் பிரெஞ்சுக்காரன்.
அறுபத்தெட்டு வயதிலும்
மீன் எடைபோடும் இடத்தில் எவனாவது
போன்ஜூர் என்றால்
கையுறையைக் கழற்றுவான்.

நான் சொன்னேன்:
கோடு வேறு, சுழி வேறு.
கோடு போட்டிருந்தால் இன்னும் பார்க்கவில்லை.
சுழி என்றால் பார்த்தார்கள்,
மறுபடியும் பார்த்தார்கள்,
கிடைக்கவில்லை.
கிடைக்கவில்லை என்பதும் இல்லை என்பதும் ஒன்றா?

பதில் இல்லை. பின்னால் மேவிஸ்
கெட்டிலை அணைக்கும் சத்தம்.

அந்த இடத்தில் நான்கெழுத்துச் சொல் ஒன்று
திக்கித் திக்கி வருகிறது,
கார்லண்டுக்குப் பன்னிரண்டு முறை.
எண்ணப் போகிறவர்கள் நேரே அதில் இறங்குவதில்லை.
சற்று முன்னாலுள்ள எழுத்துகளைப் பிடித்துத்தான்
உள்ளே போவார்கள்.
படகு கட்ட முளை வேண்டும் இல்லையா, எல்ட்ரெட்?
உன் முளையில் ஓர் எழுத்து மாறியிருக்கலாம்.
கயிறு நழுவுகிறது. படகு திரும்பிப்போய்
அங்கே துறையே இல்லை என்று எழுதி வைக்கிறது.
மூடுபனியில் நம் வீட்டைக்கூட
அப்படித்தான் எழுதியிருப்பார்கள்.

மற்ற முப்பத்தாறும் ஒன்று தப்பாமல் பொருந்துகின்றன.
செயின்ட் பியேரில் எவனோ ஒருவனிடம்
இத்தனையும் இருந்திருந்தால், அது அதிசயம்.

(சித்தப்பா ஜோசையாவிடமும்
இதே எண்கள்தான் இருந்திருக்கும்.
அதை நான் சொல்லவில்லை.
தாள் கேட்காததற்கு நான் ஏன் பதில் சொல்ல?)

நானோ இந்த ஆட்டத்திலேயே இல்லாதவள்.
அந்தக் குரோமோசோமே எனக்குக் கிடையாது.
என் தாளை அச்சடித்தால்
முப்பத்தேழும் காலி.
ஆனாலும் அப்பாவின் மூக்கு
என் முகத்தில்தான் இருக்கிறது.

“வேற கயிறு வீசிப் பார்க்கலாமா?”
பார்க்கலாம். இன்னும் தள்ளி, மாறாத எழுத்துகளைப்
பிடிக்கிற மாதிரி ஆய்வகத்தில் செய்வார்கள். பணம் ஆகும்.
பன்னிரண்டு வந்துவிடும் என்றே நினைக்கிறேன்.

கெட்டில் ஆறும் அளவுக்கு நேரம் போனது.

“என் பையனுக்கும் இந்தச் சுழி இருக்குமா?”
இருக்கும். அவன் மகனுக்கும்.
உன்னோடு தொடங்கியது என்றால்
கார்லண்டின் பிள்ளைகளுக்கு இருக்காது.

“அப்ப வேண்டாம். விடு.”

ஏப்ரலில் பனி உடைந்ததும்
சிங்கி இறால் கூண்டுகளின் மிதவைகளுக்கு
வண்ணம் பூசினான்.
எங்கள் குடும்பத்து அடையாளம்
மஞ்சளில் கறுப்புப் பட்டை.
இவன் மிதவையில் இப்போது பட்டைக்குக் கீழே
ஒரு கறுப்பு வட்டம்.
மேவிஸ் கேட்டதற்கு,
பெயிண்ட் டப்பாவை வைத்த தடம் என்றானாம்.

எண்ணிப் பார்த்தேன்.
நூற்றெண்பது மிதவைகளிலும்
அதே தடம்.