திங்கள் புறப்பாடு, ஞாயிறு வருகை

ஆப்பியாவிலிருந்து பாகோ பாகோவுக்கு
நூற்றைம்பது கிலோமீட்டர் இருந்தால் அதிகம்.
பறக்கும் நேரம் முப்பத்தைந்து நிமிடம்,
எதிர்காற்று என்றால் நாற்பது.
டிக்கெட்டில் மட்டும்
புறப்பாடு திங்கள் காலை ஏழு,
வருகை ஞாயிறு காலை ஏழு முப்பத்தைந்து.
நடுவே கடலில் தேதிக்கோடு.
பிறந்தநாளை இரண்டாம் முறை கொண்டாட
இந்த விமானத்தில் போகிறவர்கள் உண்டு.
நான் போவது வேறு காரியத்துக்கு.

ஞாயிறு இரவு எட்டேகாலுக்கு, போனில்,
"இனி அங்கேயே கிட" என்று சொல்லிவிட்டேன்
சகாயோவிடம்.
இரண்டு வருடமாக மீன் ஆலையில்
சூரை டப்பாக்களுக்கு மூடி போடுகிறான்.
அனுப்பிய பணம் குறைந்ததில் தொடங்கிய பேச்சு
எங்கே போய் நின்றது பாருங்கள்.
அவன் பக்கத்தில் ஒரு நாய் குரைத்தது.
பிறகு அதுவும் இல்லை.

விடிய விடியக் கணக்குப் போட்டேன்.
சொன்னது ஞாயிறு இரவு.
போய் இறங்குவது ஞாயிறு காலை.
அப்படியென்றால் நான் இன்னும் சொல்லவில்லை.
கொட்டிய சொல்லை அள்ள முடியாது என்கிறவர்கள்
இந்த விமானத்தில் ஏறியதில்லை.

ஆளையும் நிறுத்துத்தான் ஏற்றுவார்கள்.
"தொண்ணூற்று மூன்று!"
வரிசை முழுக்கக் கேட்கும்படி படித்தான் எடைக்காரப் பையன்.
பை பதினொன்று:
கோக்கோக் கட்டிகள், அவனுடைய வெள்ளைச் சட்டை,
சர்ச்சுக்குக் கட்டும் கறுப்பு லாவலாவா.
பாரம் முன்னால் இருக்கவேண்டுமாம்,
விமானியின் முதுகுக்குப் பின்னால் உட்காரவைத்தார்கள்.

கோடு தெரிகிறதா என்று குனிந்து பார்த்தேன்.
தண்ணீர்.
இன்றைக்கும் நேற்றைக்கும் நடுவே
ஒரு படகு தூண்டிற்கயிறு இழுத்துக்கொண்டிருந்தது.
விமானி கைக்கடிகாரத்தைத் தொடவே இல்லை.
மணி சரிதான்,
கிழமைதான் தவறு.

பாகோவில் சர்ச் மணி அடித்தது.
நான் உடுத்தி, பாடி, தின்று முடித்த அதே ஞாயிறு,
பிரிக்காத பொட்டலம் மாதிரி.
வேலிக்கு அப்பால் சகாயோ, சவரம் செய்யாத முகம்.
எடுத்த எடுப்பில் சொன்னேன்:
"அதை நான் இன்னும் சொல்லலை.
இன்னிக்கு ராத்திரிதான் சொல்வேன்."

டப்பா எண்ணுகிற விரல்களை மடக்கி மடக்கி
வெகுநேரம் யோசித்தான்.
"ஃபுவாத்தினோ,
நீ சொன்னப்போ இங்கே சனிக்கிழமை.
எனக்கு அது நேத்தே வந்து சேர்ந்துடுச்சு."

ஆமாம்,
அது தராசில் ஏறவில்லை.
முப்பத்தைந்து நிமிடம் எடுத்துக்கொள்ளவில்லை.
கோட்டைத் தாண்டும்போது
அதனிடம் யாரும் கிழமை கேட்கவில்லை.

பையை வாங்கித் தூக்கிப் பார்த்தான்.
"எட்டு கிலோ."
"பதினொண்ணு" என்றேன்.
"எட்டுதான்."
அதைப் பேசிக்கொண்டே பேருந்துவரை நடந்தோம்.
சட்டை கசங்கியிருந்தது.
இஸ்திரி கடன் கேட்கப் பக்கத்து அறைக்குப் போனான்.
பிரசங்கம் மட்டும் வேறு.

இரவு எட்டேகாலுக்கு
அவன் போனை மேஜைமேல் வைத்து
இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.
எட்டு இருபது.
எட்டரை.
அடிக்கவில்லை.
வெளியே அந்த நாய் குரைத்தது.