ஐந்து ஆட்டம், நான்கு புள்ளி

ஐப்பசி முடிந்தது.
பிறை ஹார்பர் அட்டவணையில்
அடியிலிருந்து இரண்டாவது.
நமக்குக் கீழே இருந்த ஊர்
போன வாரம் அணியையே கலைத்துவிட்டது.
ஆக, சரியாகச் சொன்னால், அடிதான்.

பிறை என்று ஊருக்குப் பேர் வைத்தவர்கள்
வளர்பிறையா தேய்பிறையா என்று
சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

முதல் ஆட்டம் சொந்தத் திடலில்.
எட்டாம் நிமிடம் ஒன்று,
பதினோராம் நிமிடம் ஒன்று,
கச்சாங் பூத்தே வாங்கிக்கொண்டு நான் படியேறுவதற்குள்
இன்னொன்று.
பக்கத்து இருக்கை தியோங் குடையை விரித்தார்.
மழையில்லை.
"பார்க்காமல் இருக்கத்தான்" என்றார் மலாயில்.

இரண்டாவது குலிமில்.
வாடகை வேனில் பதினாறு பேர் போனோம்.
கடைசி நிமிடத்தில் ஷர்வின் தலையால் முட்டிய பந்து
கம்பத்தில் பட்டு
அவர்கள் கோலியின் முதுகில் பட்டு
வெட்கப்பட்டுக்கொண்டே உள்ளே போயிற்று.
ஒன்றுக்கு ஒன்று.
அந்த ஒற்றைப் புள்ளியை
மடியில் வைத்த பலகாரத் தட்டுபோல்
குலுங்காமல் வீடுவரை கொண்டுவந்தோம்.

மூன்றாவதைப் பற்றிப் பேசமாட்டேன்.

அதற்கடுத்த புதன், இரவு ஷிஃப்ட்.
கெப்பாசிட்டர்களைப் பூதக்கண்ணாடியில் பார்த்துப் பார்த்து
கண் எரிந்த இரண்டு மணிக்கு
ஆறு பேர் சேர்ந்து ரொட்டி சானாய் சொல்லியனுப்பினோம்.
வாங்கிவர நான் இறங்கிப் போனேன்.
காவல் கூண்டின் விளக்கடியில் ஒரு மோட்டார்சைக்கிள்,
நனைந்த மழையங்கி.
தலைக்கவசத்தைக் கழற்றினான்:
ருஸ்லான்.
நம் கோலி.

பொட்டலத்தை இரண்டு கையாலும்
நெஞ்சோடு அணைத்திருந்தான்,
கூட்டத்துக்கு மேலே எம்பிப் பிடித்த பந்தைப்போல.
மூன்று மாதமாக யாருக்கும் சம்பளமில்லை என்று
பேப்பரில் வந்திருந்தது.
நான் கேட்கவில்லை. அவன் சொல்லவில்லை.
"குழம்பு சிந்தவேயில்லை, அக்கா, பாருங்கள்" என்றான்.
உண்மைதான். ஒரு சொட்டு இல்லை.
"சனிக்கிழமை?" என்றேன்.
"ஷிஃப்ட் மாற்றிக்கொண்டேன்."

சரி, மூன்றாவது.
சும்மா உருண்டு வந்த பந்து அவன் கையில் நழுவியது.
நான் எழுந்து நின்று ஒரு வார்த்தை சொன்னேன்.
இங்கே எழுத வராது.
தியோங்கூட திரும்பிப் பார்த்தார்.
திடல் முக்கால்வாசி காலி.
காலித் திடலில் சொல் தேயாமல் போகும்.
போயிருக்கும்.

நான்காவது, சனிக்கிழமை,
ஐப்பசி தன் வேலையைக் காட்டியது.
பத்தொன்பதாம் நிமிடம்
நடுவர் பந்தை உருட்டிப் பார்த்தார்.
அது எருமைபோல் தண்ணீரில் உட்கார்ந்துகொண்டது.
ஞாயிறு நாலு மணிக்கு மறு ஆட்டம் என்றார்கள்,
விடிந்தால் தீபாவளி.
முப்பத்தேழு பேர் வந்திருந்தோம்.
எண்ணிப் பார்க்க நேரமிருந்தது.
ருஸ்லான் இல்லை.
ஞாயிற்றுக்கு அவன் ஷிஃப்ட் மாற்றியிருக்கவில்லை,
ஞாயிற்றுக்கு யார்தான் மாற்றியிருப்பார்கள்.
"காயமா?" என்று தியோங் கேட்டார்.
"காயம்" என்றேன்.
பதினெட்டு வயது யுகேந்திரன்
பெரிய கையுறையோடு நின்றான்.
ஒன்றுதான் விட்டான்.
ஒன்று போதுமாயிருந்தது.

ஐந்தாவதில் ஜெயித்தோம்.
எப்படி என்று கேட்காதீர்கள்.
அவர்கள் தடுப்பாட்டக்காரனே நமக்கு ஒரு கோல் அடித்துத் தந்தான்.
எண்பத்தெட்டில் அவர்களுக்குப் பெனால்டி.
ருஸ்லான் இடப்பக்கம் பாய்ந்தான்.
பந்து வலப்பக்கமாய்
கம்பத்துக்கு மேலே, வேலிக்கு மேலே,
ரயில் தண்டவாளத்தைத் தாண்டி
எங்கோ லாலானுக்குள் விழுந்தது.
அதையும் அவன் தடுத்ததாகத்தான்
நான் கணக்கு வைத்திருக்கிறேன்.

முடிந்ததும் வேலியோரம் வந்து கைதட்டினான்,
எல்லோருக்கும் பொதுவாக.
சொல்ல ஒன்று வைத்திருந்தேன்.
தொண்டையில் கச்சாங்.

கார்த்திகையில் நாலு ஆட்டம்.
முதலாவது வெளியூர், அதுவும் புதன்கிழமை.
ஷிஃப்ட் மாற்றிக்கொள்ள வேண்டும்.