பதினெட்டு சதவீதம் போக

கப்பல் ஊதினால் என் வீட்டு டம்ளர் அதிரும்.
துறைமுகச் சுவருக்கும் எனக்கும் அவ்வளவுதான் தூரம்.
அப்படியிருந்தும்
ஏற்றுமதி கற்கக் காசு கட்டினேன்
செல்போனில்,
முப்பத்தெட்டாயிரத்துத் தொள்ளாயிரம்.

காசிமேட்டு ஐஸ் கம்பெனியில் இரவுக் கணக்கு எனக்கு.
எத்தனை பார் உடைந்தது, எந்த லாஞ்சுக்கு எவ்வளவு கடன்.
இறால் என் கண்ணெதிரே பெட்டியேறிப் போகும்.
போன இடத்தில் அதற்கு என்ன விலை என்று
யாரும் எனக்குச் சொன்னதில்லை.
தொண்ணூறு நாளில் சொல்கிறேன் என்றான்
கோட்டுப் போட்ட ஒருவன்.
அவன் முதுகுக்குப் பின்னால் ஒரு கப்பல்,
மூன்று பாடத்திலும் அதே கப்பல், அதே அலை.
நான்காம் பாடத்தைத் தொட்டேன்:
விரைவில்.

ஏழு நாளுக்குள் கேட்டால் முழுப் பணம் என்றிருந்தது.
ஐந்தாம் நாள் கேட்டேன்.
ஒன்பதாம் நாள் பதில் போட்டார்கள்,
ஏழு நாள் முடிந்துவிட்டது மேடம்.

ரசீதில் பெரம்பூர் முகவரி, நான்காவது மாடி.
தேடிப் போனால் கட்டடத்துக்கு மூன்றே மாடி.
வந்ததுதான் வந்தோமென்று மேலேயும் ஏறினேன்.
தண்ணீர்த் தொட்டி.
கொடியில் யாரோ ஒரு பிள்ளையின் பள்ளிச் சீருடை.
மூச்சு வாங்க அங்கேயே நின்றுகொண்டு
எனக்கு விற்றவளின் எண்ணை அழுத்தினேன்.

எடுத்தாள்.
"அக்கா, எனக்கே மூணு மாசச் சம்பளம் நிக்குது"
என்றாள் ஷமீனா, கொருக்குப்பேட்டையிலிருந்து.
திட்டுவதற்கென்று சேர்த்து வைத்திருந்ததெல்லாம்
எங்கே இறக்குவதென்று தெரியாமல்
வாயிலேயே நின்றது.

அன்றிரவு அவள் அனுப்பிய ஒலிப்பதிவில்
என்னை நானே கேட்டேன்.
"சரிம்மா, இன்னைக்கே கட்டிடறேன்."
அந்தக் குரல் எனக்குப் பிடிபடவில்லை.
யாரோ ஒருத்தி
ரொம்பச் சந்தோஷமாக இருந்தாள்.

நுகர்வோர் ஆணையத்துக்கு மனு.
தண்டையார்பேட்டை ஜெராக்ஸ் கடையில் டைப் அடித்தவர் கேட்டார்,
"மன உளைச்சலுக்கு எவ்வளவு போடட்டும்?
எல்லாரும் இருபத்தஞ்சு போடுவாங்க."
கரைகிற ஐஸுக்கே ராத்திரியெல்லாம் விலை சொல்கிறவள்
அங்கே எச்சில் விழுங்கினேன்.
அவரே இருபத்தைந்து போட்டுக்கொண்டார்.
பெயரையும் அமலோர்பாவம் என்று அடித்துவிட்டார்.
பாவத்தை எடுத்துப் பவத்தை வைக்க
இன்னொரு பத்து ரூபாய்.

முதல் வாய்தாவுக்கு யாரும் வரவில்லை.
இரண்டாம் வாய்தாவுக்கு நான்கு நாள் இருக்க
விடியற்காலை மூன்று மணிக்கு, பார் இறங்கும் நேரத்தில்
செல்போன் சிணுங்கியது.
முப்பத்திரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறு ரூபாய்
பத்து பைசா.
வரி பதினெட்டு சதவீதம் போக என்று விளக்கம்.
அந்தப் பத்து பைசாவைப் பார்த்துதான் எனக்குக் கோபம் வந்தது.
இவ்வளவு சுத்தமாகக் கணக்குத் தெரிந்தவனா
நான்காவது மாடி கட்ட மறந்தான்?

கூடவே ஒரு கடிதம்:
முழுத் திருப்தி, இனிப் புகார் இல்லை,
இங்கே கையெழுத்திடவும்.

மூன்றாம் பாடத்தில் அவன் சொன்னது நினைவிருந்தது.
முழுப் பணமும் கைக்கு வராமல்
கப்பல் பத்திரத்தைக் கையைவிட்டு விடாதே.
நான் படித்த ஒரே பாடம்.
அதற்கு வேண்டுமானால் ஐந்நூறு ரூபாய் பிடித்துக்கொள்ளட்டும்,
கேட்டால் கொடுப்பேன்.
கையெழுத்துப் போடவில்லை.

வாய்தா அன்று
டிக்கெட் வாங்கத் தேவையில்லாத பஸ்ஸில் இரண்டு பேரும்.
அவள் மடியில் சம்பளச் சீட்டுகள், என் மடியில் மனு.
ராயபுரம் பாலத்தில் பஸ் நகரவே இல்லை.
திடீரென்று ஷமீனா
பழைய தேன்குரலை எடுத்தாள்:
"மேடம், ஒரு ரெண்டு நிமிஷம் பேசலாங்களா?"

"சொல்லும்மா" என்றேன்,
முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிற மாதிரி.