கணக்கில் வராத காற்று

டர்போ மாற்றிய நாளிலிருந்து
சிக்னலில் நின்றால் செத்துப்போகிறது
ஐராவின் வால்வோ.

குவோபியோவில் மைனஸ் பத்தொன்பது.
காற்றளக்கும் சென்சார்மேல்தான் எல்லாப் பழியும்:
ஸ்ப்ரே அடித்தாள், வயரை ஆட்டினாள்,
கடைசியில் இருநூற்றுப் பத்து யூரோவுக்குப் புதியது.
அதுவும் அதே எண்ணைத்தான் சொன்னது,
முகம் மாறாமல்.

நெருப்புக் கேட்டு வந்த பக்கத்து ஷெட் தாவ்னோ
பற்றவைத்த சிகரெட்டோடு
தடுமாறும் இஞ்சின்மேல் குனிந்தான்.
புகை மேலே போகவில்லை.
வளைந்து
ரப்பர் குழாயின் அடிமடிப்புக்குள் நுழைந்தது,
வீடு தெரிந்த பூனைபோல.

கிளாம்ப் இறுக்கியபோது கிழிந்திருக்க வேண்டும்.
இறுக்கியது அவள் கைதான்.

வாசல் வழியே வராத காற்றை
சென்சார் எப்படி எண்ணும்?

குழாய்க்கு டேப் சுற்றிவிட்டு
குப்பைத்தொட்டியைக் கிளறுகிறாள்.
பழையதை எடுத்துத் துடைக்கிறாள்.
மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.
இரண்டு திருகு. சாவி.

இஞ்சின் சீராக ஓடுகிறது.
அவள் ரசீதைத் தேடுகிறாள்.