இருபத்தேழாம் சலவை

வூச் என்றால் அவர்கள் மொழியில் படகு.
ஊருக்குள் ஆறு கண்ணில் படாது.
ஆலைகள் பெருகிய காலத்தில்
தரைக்கடியில் அனுப்பிவிட்டார்கள்.

அந்த ஊரில், நான்காம் மாடியில்,
போக்னா ஒரு பனியனைத் துவைக்கிறாள்,
அழுக்கே படாத பனியனை,
இருபத்தேழாவது முறையாக.

நைலான் இழைமேல் வெள்ளிப் பூச்சு.
துவைக்குமுன் சாணுக்கு எட்டு ஓம்.
(மந்திரமில்லை. மின்சாரம்
எவ்வளவு தயங்குகிறது என்ற கணக்கு.)
பத்தாம் சலவையில் பதினொன்று.
இருபதில் நாற்பது.
இன்று மீட்டரில் எண்ணே இல்லை,
வெறும் கோடு.

நுண்ணோக்கியில் பார்த்தால்
வெள்ளி பொருக்குப் பொருக்காக உரிந்திருந்தது,
மழையில் நனைந்த சுண்ணாம்புச் சுவர் மாதிரி.
சலவை எந்திரத்தின் வடிகுழாயில்
போய்விட்டது ஐந்து மாதச் சம்பளம்.

அடுத்தது கருநீலப் பருத்தி.
இதில் பூச்சில்லை.
மின்சாரம் கடத்தும் சாயத்தை
இழையே குடித்திருந்தது.
ஐம்பது சலவை தாங்கியது.
கசக்கிப் பிழிந்தாள், தாங்கியது.
கோபத்தில் ஒருமுறை கதவிடுக்கில் நசுக்கினாள்,
அதையும்.

டிமோன் அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.
திரையில் இதயம் வரவில்லை.
கோழி கிளறிய குப்பை வந்தது.
ஜனவரி. ஹீட்டர் காய்ச்சிய அறை.
அவன் தோல் அப்பளம்போல் உலர்ந்திருந்தது.
மூச்சை அடக்கச் சொன்னாள்.
அசையாதே என்றாள்.
அசையாமல் இருந்தான், பாவம், இருபது நிமிடம்.
குப்பைதான்.

மூன்று மணிக்குப் பணம் போடுகிறவர்கள் வந்தார்கள்.
லிஃப்ட் ஓடவில்லை.
பனியனைக் கழற்றாமலே டிமோன்
கீழே ஓடினான் அழைத்துவர.
வழிகாட்டுகிற அவசரத்தில்
அவர்களை முந்திக்கொண்டு மேலே ஏறினான்.

திரை முன்னால் தனியாகப் போக்னா.
முதல் மாடி: கிறுக்கல்.
பிறகு ஒரு மேடு.
ஒரு பள்ளம்.
மீண்டும் அதே மேடு, அதே இடைவெளியில்,
சுத்தமாக, எழுதிவைத்ததுபோல.
வியர்த்திருக்கிறான்!
உப்புநீர் ஒரு துளி வேண்டியிருந்தது
தோலும் துணியும் பேசிக்கொள்ள.
ஐந்து மாதமாக இவள்
உலர்த்தி உலர்த்தி அளந்திருக்கிறாள்.

இரண்டாம் மாடியில் மட்டும்
மேடுகள் நெருங்கின, திடீரென்று,
படி எண்ணிக்கை மாறாதபோதே.
அங்கே இருப்பது கணக்குப் பிரிவின் கதவு.
கதவருகே லிகியாவின் மேசை.

அவன் வந்துசேருமுன்
அவன் இதயம் அறைக்குள் வந்துவிட்டிருந்தது.

குறிப்பேட்டில் எழுதினாள்:
ஈரம் தேவை. மாதிரி ஒன்பது, வெற்றி.
இரண்டாம் மாடியை எழுதவில்லை.
விருந்தினர் கதவைத் தட்டுமுன்
அந்தப் பன்னிரண்டு நொடிகளைத்
திரையிலிருந்து வெட்டி எடுத்தாள்,
துணியில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறை
வெட்டுவதுபோல.